"ஸ்டாஃப்ஸ்" என்று சொன்னால் குடி முழுகிவிடாது

டிஸ்கி: இது ஆங்கிலத்துக்கு எதிரான பதிவு இல்லை. இலக்கணமே வேண்டாம் என்கிற பதிவும் இல்லை. சொல்லப்போனால் இலக்கணம் போதவில்லை என்று சண்டை போடுகிற பதிவு. முழுசாகப் படித்துவிட்டுத் திட்டவும்.

பி.காம். கடைசி வருஷம் வந்துவிட்டால் கல்லூரிகளில் ஒரு சடங்கு நடக்கும். பேர் ப்ளேஸ்மெண்ட் ட்ரெய்னிங். வெளியிலிருந்து ஒருவர் டை கட்டிக்கொண்டு வருவார். கையில் ஜெராக்ஸ் எடுத்த நாலு பக்கம், தலைப்பு "இந்தியர்கள் செய்யும் பொதுவான தவறுகள்". உள்ளே என்ன இருக்கும் என்று பார்க்காமலே சொல்லலாம். ஸ்டாஃப்ஸ் தப்பு. ஃபர்னிச்சர்ஸ் தப்பு. எக்விப்மெண்ட்ஸ் தப்பு. ஃபீட்பேக்ஸ் தப்பு. அட்வைசஸ் ரொம்ம்பத் தப்பு. "டிஸ்கஸ் அபௌட்" என்று சொல்பவன் மனுஷனே இல்லை.

அப்புறம் கோடிட்ட இடங்களை நிரப்புக. "ஹி வொர்க்ஸ் ___ எ பேங்க்." விடைகள்: இன், அட், ஃபார், வித். ஒன்றுதான் சரியாம், மற்ற மூன்றுக்கும் முட்டை. இந்த வாக்கியத்துக்குப் பின்னால் திரும்ப வருகிறேன், நிறைய பாக்கி இருக்கிறது.

என் வகுப்பில் ஒருத்தன். ப்ராசஸ் காஸ்டிங்கில் அப்நார்மல் லாஸ் வரும் கணக்கை நாங்கள் கால்குலேட்டரைத் தேடுவதற்குள் முடித்துவிடுவான். வீட்டில் முதல் பட்டதாரி. மாதிரி இண்டர்வியூவில், அப்பா நடத்தும் மளிகைக் கடையில் பணம் எப்படிச் சுற்றி வருகிறது என்று விளக்க ஆரம்பித்தான். "இன் மை ஃபாதர்ஸ் ஷாப் தேர் ஆர் ஃபோர் ஸ்டாஃப்ஸ்..." அவ்வளவுதான். பயிற்சியாளர் கையைத் தூக்கி நிறுத்தினார். "ஸ்டாஃப்ஸ்?" என்று இரண்டு முறை இழுத்துச் சொல்லிக் காட்டினார். வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு நடந்த எந்த க்ரூப் டிஸ்கஷனிலும் அவன் வாயைத் திறக்கவில்லை. அந்தக் கடையில் பணம் எப்படிச் சுற்றுகிறது என்பது எங்களுக்கு இன்றுவரை தெரியாது. அந்த "எஸ்" எழுத்துக்கு இவ்வளவு விலையா?

சரி, நாம் ஏன் ஸ்டாஃப்ஸ் என்கிறோம்? முட்டாள்தனத்தாலா? தமிழ்நாட்டில் எந்தக் கல்லூரி வராண்டாவில் வேண்டுமானாலும் போய் நின்று கேளுங்கள். "டேய், ஸ்டாஃப் வர்றாங்க" என்பான். வருவது ஒரே ஒரு ஆசிரியை. ஆங்கிலத்தில் ஸ்டாஃப் என்றால் கூட்டம். நாம் அதைத் தனி ஆளுக்கு ஆக்கிக்கொண்டோம். ஒருவர் ஸ்டாஃப் என்றால் நாலு பேர் ஸ்டாஃப்ஸ். இதில் தர்க்கப் பிழை எங்கே இருக்கிறது? நம் மொழியிலேயே இது நடந்திருக்கிறது. "ஊழியர்" என்பதில் இருக்கும் அந்த "அர்" பலர்பால் விகுதி, அதாவது ஏற்கெனவே பன்மை. அது மரியாதைக்காக ஒருவரையும் குறிக்க ஆரம்பித்ததும், பலரைச் சொல்ல மேலே ஒரு "கள்" தேவைப்பட்டது. ஊழியர்கள் வந்தார்கள். பன்மைக்கு மேல் பன்மை. அதை யாரும் சிவப்பு மையால் சுழிப்பதில்லை. ஸ்டாஃப்ஸ் என்பது ஊழியர்கள் என்பதன் தம்பி, அவ்வளவுதான்.

இதைவிட வேடிக்கை, எண்ண முடியாத பெயர்ச்சொல் என்கிற சமாச்சாரம். ஃபர்னிச்சர், எக்விப்மெண்ட், ஸ்டேஷனரி இவற்றுக்குப் பன்மை கிடையாது, மனப்பாடம் செய் என்கிறார்கள். தமிழனுக்கு இதை மனப்பாடம் செய்யச் சொல்வது மீனுக்கு நீச்சல் வகுப்பு எடுப்பது மாதிரி. நாம் "நாலு நாற்காலி வாங்கினேன்", "பத்து ரூபாய் கொடு" என்றுதான் பேசுகிறோம். நாலு நாற்காலிகள் என்று பேசினால் செய்தி வாசிப்பதாக நினைப்பார்கள். ஆபீஸில் வேலை அதிகம் என்றால் பதிவர்கள் "நிறைய ஆணி" என்பார்களே தவிர "ஆணிகள்" என்று சொல்லிப் பார்த்ததில்லை. அஃறிணைப் பெயருக்குக் "கள்" போடுவது கட்டாயம் இல்லை, வினையைப் பார்த்து எண்ணிக்கையைத் தெரிந்துகொள் என்பது தொல்காப்பியக் காலத்துச் சங்கதி. நன்னூல் இதற்குப் பால்பகா அஃறிணைப் பெயர் என்று பெயரே வைத்திருக்கிறது. மாடு வந்தது, மாடு வந்தன. மாடு மாறவில்லை, வினைதான் மாறியது.

ஆக "ஃபர்னிச்சர் என்பது நம்ம ஊர் 'சாமான்' மாதிரி, வீடு நிறைய இருந்தாலும் சாமான்தான்" என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். ஒரு பயிற்சியாளரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. வகுப்புக்குள் தமிழ் வந்தால் தரம் குறைந்துவிடுமாம்.

அடுத்தது, அந்த ஜெராக்ஸ் பக்கம் சொல்லும் "சரி" எவ்வளவு சரி?

"தி ஸ்டாஃப் இஸ்" என்பதுதான் சரி என்று போட்டிருந்தது. அமெரிக்காவில் அப்படித்தான். பிரிட்டனில் "தி ஸ்டாஃப் ஆர்" சர்வ சாதாரணம். இரண்டு மருத்துவமனைகளின் பணியாளர் குழுக்களைச் சேர்த்துச் சொல்ல வேண்டுமென்றால் ஸ்டாஃப்ஸ் என்பதே சரி. அட்வைசஸ் ரொம்பத் தப்பு என்றார்கள் அல்லவா? வங்கியில் கணக்கிலிருந்து பணம் எடுத்ததாக வரும் அறிவிப்புக்கு டெபிட் அட்வைஸ் என்று பேர். அந்த அட்வைஸ் எண்ணக்கூடியது. நாலு வந்தால் நாலு அட்வைசஸ். வணிகம் படிக்கிற பிள்ளைகளிடம் போய், வங்கியில் தினமும் புழங்கும் சொல்லைத் தப்பு என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மணி என்பதற்குப் பன்மை கிடையாது என்று இன்னொரு வரி. நம் அரசியல் சட்டத்தின் 266-வது பிரிவை ஆங்கிலத்தில் எடுத்துப் பாருங்கள். அரசுக்கு வரும் பணத்தைப் பற்றிப் பேசும் இடத்தில் "மணீஸ்" என்று பன்மையில்தான் இருக்கிறது. அம்பேத்கர் தலைமையிலான வரைவுக்குழு எங்கள் ப்ளேஸ்மெண்ட் டெஸ்ட் எழுதியிருந்தால் கால் மார்க் போயிருக்கும் :-)

இதைவிட ஒரு படி மேலே, 1897-ஆம் வருஷத்து பொது விதிகள் சட்டம், ஜெனரல் கிளாஸஸ் ஆக்ட். அதன் 13-வது பிரிவு சொல்வது: மத்தியச் சட்டங்களில், பொருளுக்கோ சூழலுக்கோ முரணாக இல்லாதவரை, ஒருமைச் சொல் பன்மையையும் உள்ளடக்கும், பன்மைச் சொல் ஒருமையையும் உள்ளடக்கும். நாட்டின் சட்டமே "ஒரு எஸ் விட்டுப்போனதற்காக யாரும் தப்பிக்கவும் வேண்டாம், மாட்டவும் வேண்டாம்" என்று பெருந்தன்மையாக இருக்கிறது. நாலு பக்க ஜெராக்ஸுக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை.

"அப்போ எல்லாமே சரின்னு சொல்ல வர்றியா?" என்று கேட்பீர்கள். அங்கேதான் வருகிறேன். என் கோபம் இலக்கணம் கேட்கிறார்களே என்பதில்லை. கேட்க வேண்டிய இலக்கணத்தைக் கேட்கவில்லையே என்பதுதான். ஸ்டாஃப்ஸ் என்றாலும் ஸ்டாஃப் என்றாலும் யாருக்கும் அர்த்தம் மாறாது, ஒரு ரூபாய் கூடக் குறையாது. ஆனால் ஒரு "எஸ்" சேர்ந்தால் பணமே கைமாறும் சொற்கள் இருக்கின்றன. அவை அந்த நாலு பக்கத்தில் ஒன்றுகூட இல்லை.

டேமேஜ் என்றால் சேதம். டேமேஜஸ் என்றால் அந்தச் சேதத்துக்கு நீதிமன்றம் வாங்கித்தரும் பணம். சேதம் நேர்ந்ததா என்பது ஒரு கேள்வி, நஷ்ட ஈடு எவ்வளவு என்பது வேறு கேள்வி. 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 73-வது பிரிவைப் படித்த எங்களுக்கு இதில் தேர்வு வைத்தால் நியாயம். கஸ்டம் என்றால் வழக்கம், கஸ்டம்ஸ் என்றால் சுங்கம். வொர்க் என்றால் வேலை, வொர்க்ஸ் என்றால் தொழிற்சாலையும் ஆகும், கட்டுமானப் பணியும் ஆகும். கூட்ஸ் என்பதற்கு 1930 சரக்கு விற்பனைச் சட்ட வகுப்பில் ஒருமையே கிடையாது. அடுத்த பீரியட் எகனாமிக்ஸில் போய் உட்கார்ந்தால் "எ கிஃபென் குட்" என்று சர்வசாதாரணமாக ஒருமையில் வருகிறது. இரண்டு வகுப்புக்கும் நடுவில் பத்து நிமிஷ இடைவேளைதான், யாராவது ஒருவர் விளக்கியிருக்கலாம்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது ப்ரெமிசஸ். கட்டடம், வளாகம் என்ற பொருளில் எப்போதும் பன்மை. ஒரே ஒரு பெட்டிக்கடை என்றாலும் ப்ரெமிசஸ்தான், அதற்கு முன்னால் வருவது "ஆன்". "எஸ்" போய்விட்டால் ப்ரெமிஸ், அதாவது தர்க்கத்தில் ஒரு முற்கோள். கட்டடத்துக்கும் தர்க்கத்துக்கும் என்ன சம்பந்தம்? பழைய ஆங்கிலப் பத்திரங்களில் சொத்தை ஒரு தடவை விவரித்துவிட்டு, பிறகு வரும் இடங்களில் எல்லாம் "தி ப்ரெமிசஸ்", அதாவது "முன்னே சொன்னவை" என்று எழுதிக்கொண்டே போவார்கள். படித்தவர்கள் அதையே கட்டடத்துக்குப் பேராக்கிவிட்டார்கள். நம் ஊர்ப் பத்திர எழுத்தர் "மேற்படி சொத்து" என்று எழுதுகிறாரே, அதே மேற்படிதான்! மேற்படி என்பதே வீட்டுக்குப் பேராகிப்போனால் எப்படி இருக்கும், அப்படி. இதை ஒரு தடவை கேட்டவன் ஜென்மத்துக்கும் "இன் தி ப்ரெமிஸ்" என்று எழுத மாட்டான்.

கம்பெனி இஸ்-ஸா, கம்பெனி ஆர்-ஆ என்ற கேள்வியும் அப்படித்தான். ஜெராக்ஸில் இஸ் என்று மட்டும் போட்டு அடுத்த கேள்விக்குத் தாவிவிட்டார்கள். அடப்பாவிகளா, இது ஸாலமன் வழக்கு ஐயா! பாடப்புத்தகத்தில் 1897 என்று போட்டு, இரண்டாம் வருஷம் நாங்கள் உருப்போட்ட அதே வழக்கு. ஆரன் ஸாலமன் என்ற பூட்ஸ் வியாபாரி. கம்பெனியின் 20,007 பங்கில் 20,001 அவருடையது, மீதி ஆறு பங்கு மனைவி, மகள், நாலு மகன்கள் பேரில் ஆளுக்கு ஒன்று. இது கம்பெனியா, குடும்பமா? பலரா, ஒருவரா? உறுப்பினர்கள் வேறு, கம்பெனி வேறு, கம்பெனி தனி ஆள் என்று தீர்ப்பு வந்தது. அந்தத் தனி ஆளுக்குத்தான் "இஸ்". உள்ளே இருக்கும் மனிதர்களை நினைத்துப் பேசும்போது பிரிட்டிஷ்காரன் "ஆர்" போடுகிறான். போர்டு ஒருமனதாகத் தீர்மானம் போட்டால் "ஹேஸ்", போர்டுக்குள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் அங்கே "ஆர்". ஒரு வினைச்சொல்லுக்குள் கம்பெனிச் சட்டத்தின் முதல் பாடமே இருக்கிறது. அதை ஒற்றை மார்க் கேள்வியாகச் சுருக்கியதுதான் எனக்கு எரிச்சல்.

இப்போது பாக்கி வைத்த அந்த வாக்கியம். "ஹி வொர்க்ஸ் ___ எ பேங்க்."

தமிழில் நமக்கு ஒரே உருபு. பேங்க்ல வேலை பார்க்கிறார். மீட்டிங்ல இருக்கிறார். லீவுல இருக்கிறார். டியூட்டில இருக்கிறார். எல்லாம் அந்த "இல்", ஏழாம் வேற்றுமை, வேலை முடிந்தது. ஆங்கிலத்தில் இந்த ஒரு "இல்" உடைந்து இன், அட், ஆன் என்று மூன்றாகிறது. நாம் தடுமாறும் இடம் இதுதான், காரணமும் இதுதான். இதைச் சொல்லாமல் "ஆன் லீவ், இன் எ மீட்டிங், ஆன் டியூட்டி" என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கச் சொன்னால் எத்தனை நாள் நிற்கும்? லீவு, டியூட்டி, ஸ்ட்ரைக், ப்ரொபேஷன் எல்லாம் ஒரு ஆள் இருக்கும் நிலை, அதற்கு ஆன். பேரோல், போர்டு, கமிட்டி எல்லாம் பேர் ஏறிய பட்டியல், அதற்கும் ஆன். மீட்டிங்கும் டிபார்ட்மெண்ட்டும் ஆளை உள்ளே அடைத்துக்கொள்ளும் விஷயம், அதற்கு இன். விதிவிலக்கு வரும், வரட்டுமே. பிடித்துக்கொள்ள ஒரு கொம்பாவது கிடைக்கும்.

அந்த வாக்கியத்தில் நாலு விடையும் சரி. ஆனால் நாலும் ஒன்றில்லை. ஏ.டி.எம். வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் செக்யூரிட்டி தாத்தாவை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் வேலை பார்ப்பது "அட்" எ பேங்க். ஆனால் "ஃபார்" எ பேங்க் இல்லை. அவருக்குச் சம்பளம் கொடுப்பது ஆள் சப்ளை செய்யும் ஏஜென்சி. பி.எஃப். யார் கட்டுவது, போனஸ் யாரிடம் கேட்பது, வேலையை விட்டு எடுத்தால் எந்தக் கதவைத் தட்டுவது, எல்லாமே அந்த அட்டுக்கும் ஃபாருக்கும் நடுவில்தான் இருக்கிறது. நாளைக்கு நம்மில் பாதிப் பேர் இப்படித்தான் வேலைக்குப் போகப் போகிறோம், ஒரு பெரிய நிறுவனத்தின் கட்டடத்தில், வேறொரு நிறுவனத்தின் பேரோலில். ஆஃபர் லெட்டர் கையில் வரும்போது பார்க்க வேண்டியது அந்தக் குட்டிச் சொல்லைத்தான். அந்தக் கேள்விக்கு "இன்" மட்டும் சரி, மற்றது முட்டை என்று போட்டவர் ஆங்கிலமும் சொல்லித்தரவில்லை, பிழைப்பும் சொல்லித்தரவில்லை.

"சாலரி இன்க்ரீஸ்ட் பை 15,000" என்றால் ஏற்கெனவே வாங்குவதோடு பதினைந்தாயிரம் கூடியது. "டூ 15,000" என்றால் மொத்தமே பதினைந்தாயிரம். தமிழில் பதினைந்தாயிரம் ஏறியது, பதினைந்தாயிரமாக ஏறியது. அந்த "ஆக" எவ்வளவு பெரிய ஆக என்று சம்பளம் வாங்குபவர்களைக் கேளுங்கள். "இண்ட்ரெஸ்ட் ஆன்" என்றால் வட்டி, "இண்ட்ரெஸ்ட் இன்" என்றால் உரிமை. 1932 கூட்டாண்மைச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தில் சொல்லாவிட்டால் மூலதனத்தின் மேல் வட்டி கிடையாது. அதனால் ஒரு கூட்டாளிக்கு இண்ட்ரெஸ்ட் ஆன் கேபிடல் இல்லாமல் போகலாம், அதே ஆளுக்கு இண்ட்ரெஸ்ட் இன் தி ஃபர்ம் இருந்தே தீரும். நடுவில் இருக்கும் சொல்லைக் கவனிக்காமல் படித்தால் ஆளையே ஏமாற்றிவிடலாம்.

சும்மா சொல்லக்கூடாது, முன்னிடைச் சொல்லில் பி.காம். மாணவனுக்கு இருக்கும் பழக்கம் இங்கிலீஷ் லிட்டரேச்சர் மாணவனுக்குக் கூட இருக்காது. பேரேட்டில் பற்றுப் பக்கம் எல்லாம் "டூ", வரவுப் பக்கம் எல்லாம் "பை" என்று போட்டுப் போட்டே கை தேய்ந்தவர்கள் நாங்கள். இப்போது நிறையப் புத்தகங்களில் அந்த டூ, பை இரண்டையும் எடுத்துவிட்டார்கள், அது வேறு சோகம்.

இரண்டு தரப்பு இதற்கு எதிர்ப்புச் சொல்லும். முதல் தரப்பு, "தம்பி, நீ சொல்றது எல்லாம் சரி, ஆனா கம்பெனிக்காரன் ஸ்டாஃப்ஸ்னு சொன்னா வடிகட்டிடுவான். வங்கித் தேர்வுல தப்பான விடைக்குக் கால் மார்க் கழிப்பான்." உண்மைதான். அதற்கு அந்தப் பட்டியலை ஒரு மத்தியானத்தில் படித்து முடித்துவிடலாம், மொத்தம் இருபது முப்பது சொல்தான். நானும் படித்திருக்கிறேன், நீங்களும் படியுங்கள். ஆனால் அதைக் கிராமரின் சிகரம் மாதிரி நாற்பது மணி நேரம் ஓட்டுவதும், அதை வைத்து ஒருத்தனை வகுப்பு நடுவில் சிரிப்புப் பொருளாக்குவதும் வேறு. டை கட்டுவது மாதிரி அது ஒரு உடுப்பு. உடுத்திக்கொண்டு போவோம், அதையே அறிவு என்று ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்?

இரண்டாவது தரப்பு, "கிராமர் எல்லாம் எதுக்கு பாஸ், கம்யூனிகேஷன்தான் முக்கியம்" என்கிற கோஷ்டி. இவர்களோடு எனக்கு ஒட்டாது. பை-க்கும் டூ-க்கும் வித்தியாசம் தெரியாமல் ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டு கம்யூனிகேட் செய்து என்ன பிரயோஜனம்?

எங்கள் துறைத் தலைவரிடம் நாங்கள் ஏழு பேர் ஒரு மனு கொடுத்திருக்கிறோம். அடுத்த செமஸ்டர் மாதிரித் தேர்வில் பாதிக் கேள்வியாவது நிஜமான ஆஃபர் லெட்டர், வாடகை ஒப்பந்தம், வங்கிக் கடிதம் இவற்றிலிருந்து எடுக்க வேண்டும், வகுப்பில் தமிழில் விளக்கினால் தடுக்கக் கூடாது என்று. மனு ஆங்கிலத்தில்தான். எழுதியது அந்த மளிகைக் கடைப் பையன். தமிழில் ஏன் எழுதவில்லை என்று கேட்டதற்கு, "அவங்க சிரிக்க இதுல ஒரு எஸ் கூடக் கிடைக்காது பாரு" என்றான்.

பி.கு.: கடைத்தெருவில் ஃபர்னிச்சர்ஸ், ஹார்ட்வேர்ஸ், ஸ்டேஷனரிஸ், எலெக்ட்ரிக்கல்ஸ் என்று பலகை வைத்திருப்பவர்களைக் கிண்டல் செய்து ஃபார்வர்டு அனுப்பும் நண்பர்களுக்கு: அந்த "ஸ்" இங்கே பன்மை இல்லை, கடை என்று அர்த்தம். நம்பிக்கை இல்லையென்றால், அடுத்த தடவை தலைவலி வரும்போது "மெடிக்கல்" எங்கே இருக்கிறது என்று கேட்காமல், இலக்கண சுத்தமாக "ஃபார்மசி" எங்கே என்று நம்ம தெருமுனை டீக்கடையில் கேட்டுப் பாருங்கள். மாத்திரை கிடைக்கும் இடத்தை அவர் "மெடிக்கல்ஸா?" என்று கேட்டுவிட்டுத்தான் கை காட்டுவார்.